விடியற்காலையில் இருமிய கார்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சாரல் தெறிக்கிற பக்கம் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள், நடுவில் இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு காரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். காரில் என்ன பெரிய கதை இருந்துவிடும் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். கேட்டு முடித்த பிறகு, நாளைக் காலை உங்கள் வீட்டு வண்டியில் சாவி போடும்போது கை ஒரு நொடி தயங்கி நிற்கும், பாருங்கள். அதற்கு நான் பொறுப்பு.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கும் ஒரு தெருவில் பாண்டிராஜ் இருக்கிறார். அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் தொழில். சாரல் காலம் வந்துவிட்டால் காலை முதல் பொழுது சாயும் வரை அவர் கை காயாது. அந்தக் கைகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கே வலிக்கிறது என்று ஆள் வாய் திறக்கும் முன்பே பாண்டிராஜின் விரல் அந்த இடத்தில் போய் நின்றிருக்கும் என்பார்கள். தோள்பட்டை எலும்புக்கு அடியில், சொந்தக்காரனுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு முடிச்சை அவர் தொட்டவுடன், பெரிய மீசை வைத்த அதிகாரிகள் எல்லாம் "ஐயோ, அதேதான்" என்று பிள்ளை மாதிரி முனகியிருக்கிறார்கள்.

அவருக்கு மனைவி வள்ளித்தாய். ஒரே மகள் அனுசியா. அனுசியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எழுத்துத் தேர்வில் போன வருஷமே தேறிவிட்டாள். திருநெல்வேலி மைதானத்தில் ஓட்டத் தேர்வு. விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நல்ல சீசன் நேரம். கூடுதல் சவாரி கிடைத்ததும் அந்த டிரைவர் போனை அணைத்துப் போட்டுவிட்டு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கிடைத்த பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே போய் இறங்கியபோது மைதானத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கம்பிக்கு வெளியே நின்று, தன்னோடு பயிற்சி எடுத்த பெண்கள் உள்ளே ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பாண்டிராஜுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வருஷமே அவர் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். யார் கண்ணுக்கும் அது சாதாரண வெள்ளைக் கார். அவருக்கோ, மகளை அந்தக் கதவு சாத்துவதற்கு முன்னால் கொண்டுபோய் இறக்க வேண்டிய கார். ஓட்டப் படித்தார், லைசென்ஸ் எடுத்தார். இந்த வருஷம் அனுசியா மறுபடியும் எழுதித் தேறினாள். வயது வரம்பு இதோடு முடிகிறது. இந்தத் தடவை கதவு சாத்தினால் சாத்தினதுதான்.

அந்தக் காரை அவர் வைத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டுமே! சனிக்கிழமை வந்தால் அவருக்கு எண்ணெய்க் குளியல். மலை மூலிகை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். முதலில் மகளை உட்கார வைத்து, கெண்டைக்கால் சதையையும் முட்டியையும் பதமாக நீவிவிடுவார். பிறகு தன் உடம்புக்கு. மிச்சம் இருக்கிற எண்ணெயைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவார். கதவு ஓரத்து ரப்பருக்குத் தடவுவார். பானட்டைத் திறந்து உள்ளே இருக்கிற குழாய் ஒவ்வொன்றையும், கண்ணுக்குத் தெரிவது தெரியாதது எல்லாவற்றையும், மனிதன் நரம்பை நீவுகிற மாதிரி நீவிவிடுவார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என் தலையில ஒரு கை எண்ணெ வச்சதில்ல. காருக்கு மட்டும் சனிக்கிழமை தவறாது" என்பாள் வள்ளித்தாய்.

"சாரல்ல கெடக்க வண்டி. ரப்பரு வெடிச்சிராதாட்டி?"

"என் தலை வெடிச்சா பரவாயில்லையாக்கும்."

இப்படிப் போற்றி வளர்த்த காருக்குத்தான் இருமல் வந்தது.

சாரல் இறங்கி, காலைக் காற்றில் குளிர் ஏறிய நாட்களில் அது ஆரம்பித்தது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது. பிடித்தாலும் உடம்பெல்லாம் உதறும். கிழட்டு ஆள் தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு இருமல், ஒரு விக்கல், அப்புறம் அமைதி. திரும்பவும் சாவி. திரும்பவும் இருமல். எப்படியோ நின்று பிடித்து, கொஞ்ச நேரம் உதறிக்கொண்டே நின்றால், சூடு ஏற ஏறத் தானாகச் சரியாகிவிடும். பிறகு நாள் முழுக்க ஓட்டலாம், ஒரு குறை சொல்ல முடியாது. மறுநாள் விடியற்காலை பழைய கதை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தள்ளியும் பிடிக்கவே இல்லை. வெயில் வந்த பிறகுதான் எழுந்தது.

ஓட்டத் தேர்வு திங்கட்கிழமை விடியற்காலை. கார் படுத்துக்கொள்வதும் விடியற்காலைதான்.

தென்காசியில், கோபுரம் தெரிகிற தூரத்தில் ஹுஸைஃபா ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவர், பேச்சில் சிரிப்பு கலந்திருக்கும். பாண்டிராஜ் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். குற்றாலத்திலிருந்து தென்காசி வருவதற்குள் இன்ஜின் சூடாகி, வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஹுஸைஃபா காது கொடுத்துக் கேட்டார். "நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?"

"இங்கன வந்ததும் நடிக்கு தம்பி. வீட்டுல வந்து பாரு, உசுர வாங்குது."

"ஆஸ்பத்திரி வாசல்ல பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிருமே, அந்த மாதிரி."

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், சுத்தம் செய்து போட்டார். பாட்டரியைச் சோதித்தார். குறை இல்லை. மறுநாள் காலை அது மறுபடியும் இருமியது. பாண்டிராஜ் மறுபடியும் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஹுஸைஃபா ஸ்கேனரை மாட்டினார். கையளவு பெட்டி, இன்ஜினோடு பேசுகிற பெட்டி. அதன் திரையைப் பார்த்துக்கொண்டே தாடியைத் தடவினார்.

"பெட்ரோலுக்குத் தக்கன காத்து இல்ல, காத்து கூடிப்போச்சுன்னு சொல்லுது. எங்க இருந்து வருதுன்னு இதுக்குச் சொல்லத் தெரியாது அண்ணாச்சி. எங்கயோ ஒரு இடுக்கு வழியா கள்ளக்காத்து பூருது."

"தேடிப் பாரேன்."

"சூடா இருக்கையில அந்த இடுக்கு மூடிக்கிடுது. சீக்கு குளிர்ல மட்டும்தான் வாய் தொறக்கு. நீங்க இங்க கொண்டு வாரதுக்குள்ள அது வாய மூடிருது. நோயாளி வந்து பிரயோசனமில்ல, வைத்தியன்தான் வரணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் விடியக்கால வாரேன். அதுவரைக்கும் யாரும் வண்டியத் தொடக் கூடாது. சாவி போடக் கூடாது, பானட்டக்கூடத் தொறக்கக் கூடாது. நல்லாக் குளிர்ந்து கெடக்கட்டும்."

அன்றைக்குச் சனிக்கிழமை. மகள் காலுக்கு எண்ணெய் வைத்து, தானும் தேய்த்துக் குளித்துவிட்டு, கிண்ணத்தில் மிச்சம் இருந்த எண்ணெயோடு வாசல் வரை போன பாண்டிராஜ், வைத்தியன் சொன்ன பத்தியம் நினைவுக்கு வர, திரும்பி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். உடம்புக்கு முடியாத பிள்ளையைத் தடவிக்கொடுக்கக்கூட விடவில்லையே என்று இருந்தது அவருக்கு.

ஞாயிறு விடியலில் தொழுகையை முடித்த கையோடு ஹுஸைஃபா பைக்கில் வந்து இறங்கினார். தாடியில் சாரல் துளி துளியாக நின்றது. மலை பாதி தெரிந்தது, பாதி மேகத்துக்குள் இருந்தது. அருவிச் சத்தம் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது.

வந்தவர் உடனே சாவியைக் கேட்கவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஸ்கேனரை மாட்டினார்.

"மொதல்ல ஒண்ணு பாக்கணும். தனக்குக் குளிருதுன்னு இன்ஜினுக்குத் தெரியுதான்னு பாக்கணும். அது தெரியலன்னா பெட்ரோல் அளவ மாத்திக் குடிக்கும்." திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "வெளிய இருக்க குளிர அப்படியே சொல்லுது. பொய் சொல்லல. சரி, இப்ப திருப்புங்க அண்ணாச்சி."

பாண்டிராஜ் சாவியைத் திருப்பினார். கார் இருமியது. உதறியது. விக்கியது. நின்றது.

ஹுஸைஃபாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்! இதத்தான் நான் பாக்கணும்னு கெடந்தேன். இன்னொரு தடவ!"

வள்ளித்தாய் காப்பி டம்ளரோடு வந்தவள், "வண்டி சாகக் கெடக்கு, இவரு கல்யாண வீட்டுல சிரிக்க மாதிரி சிரிக்காரு" என்றாள்.

"மதினி, வலி இங்கனதான்னு சொல்லுத நோயாளிதான் வைத்தியனுக்கு வேணும்."

இரண்டாவது தடவை பிடித்தது. கார் முழுக்க நடுங்கியது. ஹுஸைஃபா இன்ஜினுக்குள் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாண்டிராஜும் பக்கத்தில் குனிந்தார். இத்தனை நாளும் அவர் அந்த இருமலுக்குப் பயந்துகொண்டிருந்தாரே தவிர, அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்டார். இருமலுக்கு அடியில், யாரோ பல்லுக்கு நடுவே மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு சின்னச் சீறல். மெல்லியது, ஆனால் விடாதது. அவருக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. இத்தனை பெரிய இரும்பு மூச்சு விடுகிறது! மூச்சு விடுகிற இடத்தில்தான் அதற்கு வலி.

"கேக்கு தம்பி" என்றார் மெதுவாக.

"கேக்குல்லா? போதும், அணைச்சிருங்க. சூடேறிட்டா ஒளிஞ்சிக்கிடும்."

பைக் பெட்டியிலிருந்து ஹுஸைஃபா ஒரு மூடி போட்ட தகர டப்பாவையும், மெல்லிய குழாயையும், கால் பம்பையும் எடுத்தார். டப்பாவுக்குள் ஒரு திரி. "புகை போட்டுப் பாப்போம். காத்து எந்த வழியா உள்ள வருதோ, அந்த வழியாப் புகை வெளிய வரும். கொஞ்சம் எண்ணெ குடுங்க அண்ணாச்சி, நான் கொண்டாந்தது கொட்டிப்போச்சு."

பாண்டிராஜ் ஓடிப்போய் முந்தின நாள் எண்ணெய் மிஞ்சிய கிண்ணத்தைக் கொண்டுவந்தார். திரி நனைந்தது. தீ வைத்து ஊதி அணைத்ததும் டப்பாவுக்குள் கொழுத்த வெள்ளைப் புகை சுருண்டது. மூலிகை மணம் தெருவெல்லாம் பரவியது. இன்ஜினுக்குக் காற்று போகிற வாயைத் துணியால் அடைத்து, குழாயை நுழைத்து, ஹுஸைஃபா பம்பை மெதுவாக மிதித்தார். உள்ளேயிருந்து அனுசியாவும் எழுந்து வந்துவிட்டாள். நான்கு பேரும் அந்தத் திறந்த பானட்டைச் சுற்றி, தொட்டிலைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. இரும்பும் குழாயும் ஒயரும் அப்படியே கிடந்தன. சாரல் மட்டும் விழுந்தது.

"வராது போலுக்கு" என்று வள்ளித்தாய் சொல்ல வாயெடுத்தாள்.

வந்தது.

இன்ஜினின் பின்பக்கம், எல்லாவற்றுக்கும் அடியில், கண் போகாத ஓர் இருட்டிலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளை இழை எழுந்தது. நேராக எழுந்தது. கொஞ்ச உயரம் போய் வளைந்து, குளிர்ந்த இரும்பின் மேல் தவழ்ந்து, கலைந்தது. அடுத்த மிதிக்கு அடுத்த இழை. எதிரே மலையில், மரங்களுக்கு நடுவிலிருந்து மேகம் இதே மாதிரித்தான் எழுந்துகொண்டிருந்தது. அங்கே யார் மிதிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பாண்டிராஜ் இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். கும்பிட வேண்டும் போல இருந்தது, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"எம்மா!" என்றாள் அனுசியா.

ஹுஸைஃபா டார்ச்சை அடித்துப் பார்த்தார். கையை விட்டுப் பார்த்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. "அடியில ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் இருக்கு. அதோட வாய்தான். என் கை போகாது. மேல இருக்க பாகத்தையெல்லாம் கழட்டித்தான் எடுக்கணும், பொழுது போயிரும்."

"நான் விட்டுப் பாக்கட்டா? எனக்கு அந்த இடம் பழக்கம்" என்றார் பாண்டிராஜ்.

பழக்கம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மணிக்கட்டைச் சாய்த்து, விரல்களைக் குவித்து, எலும்புக்கு அடியில் நுழைகிற மாதிரி நுழைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். இது தண்ணீர்க் குழாய். இது ஒயர்க்கட்டு. இதற்குப் பின்னால் சின்னது. இதோ.

விரல் அங்கே நின்றது. பாண்டிராஜின் முகம் மாறியது.

ரப்பர் ரப்பராக இல்லை. தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய தோல் மாதிரி ஊதி, கொழகொழத்துக் கிடந்தது. வாய்ப்பக்கம் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் அவருடைய கட்டைவிரல் அச்சாகப் பொருந்தியது. சனிக்கிழமைதோறும் அழுத்தி நீவிய இடம்.

கிளிப்பை நெகிழ்த்தி, ஹோஸை வெளியே எடுத்தார். கையில் கறுப்பாக ஒட்டியது. ஹுஸைஃபா வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். டப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த அதே மூலிகை மணம். ஹோஸைத் துணியில் சுருட்டினார்.

"ரப்பர்னா வயசாகத்தான செய்யும் அண்ணாச்சி" என்றார் காரைப் பார்த்துக்கொண்டு.

"பொய் சொல்லாத தம்பி. அது என் எண்ணெ."

வள்ளித்தாய்க்குக் கேலி பேச ஆயுசில் இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைத்திருக்காது. அவளோ காப்பி டம்ளரைக் கணவன் கையில் கொடுத்து, அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

"தோலு எண்ணெயக் குடிச்சா மினுங்கும். இந்த ஜாதி ரப்பரு எண்ணெயக் குடிச்சா ஊதிப் பிடி விட்டுரும்" என்றார் ஹுஸைஃபா தணிந்த குரலில். "குளிர்ல சுருங்கும்போது வாய் விலகும். காத்து பூரும். விடியக்கால இன்ஜினுக்குப் பெட்ரோலு கூடுதலா வேணும்; அந்த நேரம் பாத்து இந்தக் காத்து கலந்தா, மூச்சு முட்டாம என்ன செய்யும்? சூடேறுனா மறுபடி ஊதி அடைச்சிக்கிடும். அதான் என் கடையில நல்ல பிள்ளை. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, இந்த எடத்துல எந்த மெக்கானிக் கையும் போவாது. உங்க கை எப்படிப் போச்சுன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

பாண்டிராஜ் தன் கையைப் பார்த்துக்கொண்டார். தொட்டதெல்லாம் சுகப்படும் என்று ஊர் சொன்ன கை.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல், தென்காசியில் பாகங்கள் விற்கிற வல்லிநாயகம் கடை ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய் ஹோஸை எடுத்துக் கொடுத்தார். ஹுஸைஃபா மற்ற குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார். தடித்த குழாய்கள் தாங்கியிருந்தன, மெல்லியவற்றை மாற்றினார். அடியில் இருக்கிற அந்த ஒன்றை மாட்ட மட்டும் மறுபடியும் பாண்டிராஜைக் கூப்பிட்டார். பாண்டிராஜ் முழங்கை வரை சோப்புப் போட்டு, மூன்று தடவை கழுவி, துண்டில் துடைத்து, கையில் எண்ணெய் வாடை இருக்கிறதா என்று மகளிடம் மோந்து பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார். விரல் நுனியாலேயே வாயைப் பொருத்தி, கிளிப்பைப் பூட்டினார். மறுபடியும் புகை போட்டுப் பார்த்தார்கள். எந்த இடத்திலிருந்தும் ஒரு இழை வரவில்லை.

"அப்ப சரியாயிட்டுதா அண்ணே?" என்றாள் அனுசியா.

ஹுஸைஃபா உண்மையைச் சொன்னார். "சரியாயிருக்கும்மா. ஆனா சீக்கு விடியக்கால சீக்கு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து எந்திரிச்சாத்தான் தெரியும்."

அதாவது, திங்கட்கிழமை. தேர்வு நாள்.

அன்று சாயங்காலம் அனுசியா முந்தின நாள் போலவே முற்றத்தில் வந்து உட்கார்ந்து, பாவாடையை முட்டி வரை ஒதுக்கிக்கொண்டு காலை நீட்டினாள். மறுநாள் ஓட வேண்டிய கால். பாண்டிராஜ் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் தாயி."

"ஏன்ப்பா?"

"வேண்டாம்னு தோணுது. சும்மா கெடக்கட்டும். நான் தொட வேண்டாம்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அனுசியா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, இரண்டு காலையும் அவர் மடியில் தூக்கிப் போட்டாள்.

"நான் என்ன ரப்பராப்பா?"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த வள்ளித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாண்டிராஜ் சிரிக்கவில்லை. ஆனால் கை மெல்ல முன்னால் வந்தது. எண்ணெயைத் தொட்டது. கெண்டைக்கால் சதையில் விரல் போய்ப் படிந்தது. இந்தச் சதை எண்ணெயைக் குடித்துக் குடித்து வில் நாண் மாதிரி ஆகியிருக்கிறது, எங்கேயும் ஒரு முடிச்சு இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது. ஒரே எண்ணெய்தானே? ஒரே கைதானே? அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எதற்கு எது ஆகும் என்பதை யார் வகுத்தார்கள் என்று நினைத்தபடி, அவர் பொழுது மங்கும் வரை நீவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை. தெருவில் இருட்டு இன்னும் போகவில்லை. முந்தின நாளைவிடக் குளிர். கார்க் கண்ணாடியில் சாரல் பூத்திருந்தது. தெரு முனையில் ஒரு பழைய ஜீப் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. ஹுஸைஃபாவின் ஒர்க்‌ஷாப் ஜீப். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. கார் கிளம்பாவிட்டால் ஜீப்பில் ஏற்றிப் போகலாம் என்று தானாக வந்து, கிட்டே வந்தால் பாண்டிராஜ் மனசு தளரும் என்று தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பாண்டிராஜ் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்ப வரவில்லை. "தாயி, நீ திருப்பு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுசியா கை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

இருமல் வரவில்லை. உதறல் வரவில்லை.

பின்சீட்டில் சாமி படத்தைக் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னாச்சி, கெளம்பலயா?" என்றாள்.

"கெளம்பிட்டும்மா" என்றாள் அனுசியா, அந்தச் சத்தத்தைக் கலைத்துவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக.

வள்ளித்தாய் நம்பவில்லை. முன்னால் எட்டி ஸ்டியரிங் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஓடுகிறது என்பதே கைக்குத்தான் தெரிந்தது, தூங்குகிற பிள்ளையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. பாண்டிராஜ் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, தலையை அதன் மேல் கவிழ்த்துக்கொண்டார். இத்தனை குளிரில், இத்தனை இரும்பு, அளவான காற்றும் அளவான பெட்ரோலும் ஒரு பொறியும் சேர்ந்து, ஒரு துளி கூடாமல் குறையாமல் விழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு விரற்கடை ரப்பர் வாய் மூடியிருப்பதால் இத்தனையும் நடக்கிறது. தினம் தினம் எத்தனை வாசலில் இது நடக்கிறது, யாராவது நின்று பார்க்கிறோமா, சொல்லுங்கள்!

தெரு முனையைத் தாண்டும்போது ஹுஸைஃபா ஜீப்புக்கு வெளியே வந்து நின்று கையைத் தூக்கினார். பாண்டிராஜ் நிறுத்தப் போனார். "நிக்காதீக! போங்க, போங்க அண்ணாச்சி!" என்று அவர் கத்தினார்.

பாவூர்சத்திரம் தாண்டியது. ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் இருட்டுக்குள் சுற்றுவது தெரிந்து, பிறகு வெளுப்பில் சுற்றுவது தெரிந்தது. அனுசியா வழியெல்லாம் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். மைதானத்துக் கதவு திறந்திருந்தது. அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அப்புறம் கதவைச் சாத்தினார்கள். பாண்டிராஜுக்கு அந்தச் சத்தம், உள்ளே இருக்கிறவர்களுக்காகச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது.

பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். காரின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சூடு தணிகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். நன்றாகத் தணிந்த பிறகு அனுசியா வந்தாள். முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கிட்டே வந்து அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"தேறிட்டியாட்டி?" என்றாள் வள்ளித்தாய், பொறுக்க முடியாமல்.

"பின்ன?" என்றாள் அவள். போன வருஷம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் பாண்டிராஜ் காரிடம் போகிறார். உலர்ந்த துணியோடு போகிறார், துடைத்துவிட்டு வருகிறார். கிண்ணத்து மிச்ச எண்ணெய் இப்போது வள்ளித்தாய் தலைக்கு. அதற்கும் அவள் சும்மா இருப்பாளா? "காருக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்கு" என்கிறாள், கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு.

அவ்வளவுதான், என் செல்லங்களா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்கள், வாசல் வழுக்கும். உங்கள் வீட்டில் குளிர்ந்து கிடப்பதெல்லாம் முதல் தொடுதலில் விழித்துக்கொள்ளட்டும். உங்கள் பிள்ளைகள் போய்ச் சேருகிற இடத்தில் எல்லாம் கதவு திறந்தே இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கைகள் தொட்டது சுகப்படட்டும். தெரியாமல் தப்பாகத் தொட்டிருந்தாலும், அதைச் சரியாக்குகிற விரலும் அதே வீட்டில் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், சிரிப்பு குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.